கிறிஸ்துமஸுக்கு ஒரு கொலைப்படம்

1

டிசம்பர் பிறந்தால் எங்கள் அலுவலகத்தில் நான் திடீரென்று பெரிய மனிதனாகிவிடுவேன். ஐதராபாத் கச்சிபௌலியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில், அடுத்தவர் எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலை எனக்கு. பதினோரு மாதம் என்னை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டிசம்பரில் மட்டும், மரத்தை எந்த மூலையில் வைக்கலாம், நட்சத்திரத்துக்கு எத்தனை முனை, கேக்கில் முட்டை சேர்த்தால் உங்களுக்குப் பரவாயில்லையா என்று வரிசையாக வந்து கேட்பார்கள். எங்கள் மாடியில் நான் ஒருவன்தான் கிறிஸ்தவன். பாளையங்கோட்டையில் கோயிலுக்குப் பிந்திப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருகிற ஆள் என்பது இங்கே யாருக்கும் தெரியாது.

போன வருடம் பொழுதுபோக்குக் குழுவின் ஸ்வாதி வந்தாள். வெள்ளிக்கிழமை மாலை கேன்டீனில் திரை கட்டி ஒரு கிறிஸ்துமஸ் படம் போடப் போகிறார்களாம்.

"எட்வின் காரு, உங்க வீட்ல கிறிஸ்துமஸ் அன்னைக்கு என்ன மூவி பாப்பீங்க? அஞ்சு மூவி மெயில் பண்ணுங்க, ப்ளீஸ்" என்றாள். பாதி ஆங்கிலம், பாதி தெலுங்கு. நான் இங்கே தமிழாக்கியிருக்கிறேன், மரியாதைக்குச் சொல்கிற அந்தக் 'காரு'வைத் தவிர.

நான் மனசாட்சிக்கு விரோதமில்லாமல் உண்மையை எழுதி அனுப்பினேன். ஒன்று, பேய்ப் படம். இரண்டு, கராத்தே படம். மூன்று, பாம்பு ஜீப் ஓட்டும் படம். நான்கு, கொலைப் படம். ஐந்து, மறுபடியும் அதே கொலைப் படம்.

ஸ்வாதி என் இடத்துக்கே வந்துவிட்டாள். "ஜோக் பண்றீங்கதானே?" என்று கேட்டாள். நானும் கூடச் சிரித்து வைத்தேன். வெள்ளிக்கிழமை, பனி கொட்டோ கொட்டென்று கொட்டுகிற ஒரு வெள்ளைக்காரப் படத்தைப் போட்டார்கள். ஏசியை நடுங்க நடுங்க வைத்து ஆளுக்கொரு சிவப்புத் தொப்பியும் கொடுத்தார்கள். எங்கள் ஊர் டிசம்பர் எனக்குத் தெரியும். மழை விட்டுக் கொசு சேருகிற மாதம் அது. தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அடுத்தவன் வீட்டுப் பண்டிகைக்கு வந்து விழிப்பதைப் போலிருந்தது.

என் பட்டியல் ஜோக் இல்லை. ஊரில் இருக்கிற உங்களுக்காவது அதை விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

2

வீடியோ கேசட் போட்டுப் பார்க்க டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அப்பா மின்வாரிய அலுவலகத்தில் கிளார்க். வருடத்துக்கு ஒரே நாள்தான் எங்கள் வீட்டுக்கு டெக் வரும். இருபத்தைந்தாம் தேதி ஆராதனை முடிந்து, பிரியாணி முடிந்து, அரிசிப் பாயாசமும் முடிந்து, மூன்று மணிக்கு எல்லோரும் பாயில் சாய்ந்தால் படம். எங்கள் கிறிஸ்துமஸில் அந்த மூன்று மணிதான் உச்சம். கீர்த்தனைகளைவிட நான் அதற்குத்தான் காத்திருப்பேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

அப்பா எந்த வேலையையும் கடைசி நாளில் செய்கிறவர். கேசட் கடைக்கு இருபத்துநாலாம் தேதி சாயங்காலம்தான் போவார். நல்ல படங்களை எல்லாம் முந்தின நாளே பெரிய வீடுகள் அள்ளிக்கொண்டு போயிருக்கும். ஊரில் யாருக்கும் வேண்டாத கேசட் எதுவோ அது எங்கள் வீட்டுக்கு வரும். முதல் வருடம் பேய்ப் படம். ஆண்டவர் பிறந்த நாளில் பேயா என்று அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"கடைசியில பேய்தானே தோக்கும்? பெறவென்ன?" என்றார் அப்பா. அம்மா அதற்கப்புறம் கண்ணை மூடாமல் பார்த்தாள்.

அடுத்த வருடம் கராத்தே. அதற்கடுத்தது பாம்பு. அது ஸ்டியரிங்கில் சுற்றிக்கொண்டு ஜீப்பை மலைப்பாதையில் ஓட்டியது. வளைவில் ஹாரன் கூட அடித்தது. நாலாவது வருடம்தான் அந்தக் கொலைப் படம் வந்தது.

தேயிலைத் தோட்டத்துப் பங்களா ஒன்றில் முதலாளி செத்துக் கிடப்பார். டாக்டர், டிரைவர், தோட்டக்காரன், முதலாளியின் இரண்டாவது மனைவி என்று நாலு பேர் மேல் சந்தேகம். மழைக்கோட்டு போட்ட இன்ஸ்பெக்டர் ஒருவர் இரண்டு மணி நேரம் குனிந்து குனிந்து தரையைப் பார்ப்பார். கடைசியில் எல்லோரையும் ஹாலுக்கு அழைத்து நிற்கவைத்து விரலைத் தூக்குவார். "இந்தக் கொலையைச் செய்தது வேறு யாருமில்லை..." என்பார்.

அந்த இடத்தில் திரை ஒரு குலுங்கு குலுங்கும். ஒரு கல்யாணப் பெண் ஆரஞ்சு நிறத்தில் கூல்டிரிங்ஸ் குடித்துக்கொண்டிருப்பாள்.

யாரோ ஒரு புண்ணியவான், வாடகைக்கு எடுத்த கேசட்டின் கடைசி இருபது நிமிடத்தில் தன் வீட்டுக் கல்யாணத்தைப் பதிவு செய்திருந்தான். பெண் கூல்டிரிங்ஸ் குடிப்பாள். மாப்பிள்ளை வேர்வையைத் துடைப்பார். பந்தியில் சஃபாரி சூட் போட்ட ஒருவர் யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று லட்டு சாப்பிடுவார். அத்துடன் கேசட் முடிந்துவிடும்.

அந்தக் கேசட் வந்த முதல் வருடம் நாங்கள் அடைந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டோம். அவரிடம் இருந்தது அந்த ஒரு பிரதிதான். படம் எங்கள் ஊர்த் தியேட்டரில் மூன்று நாள் ஓடியதாம். தெரிந்தவர்களில் அதைப் பார்த்தவர் ஒருவர் அகப்பட்டார். இடைவேளைக்கு அப்புறம் தூங்கிவிட்டேன் என்றார் அவர்.

அதனால் வருடாவருடம் கேட்டு வாங்கி அதே கேசட்டைப் பார்த்தோம். முடிவை நாங்களே சொல்லிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. கூல்டிரிங்ஸ் வந்ததும் டெக்கை நிறுத்த வேண்டும். ஆளுக்கொருவராக எழுந்து நின்று கொலைகாரன் யாரென்று காரணத்தோடு சொல்ல வேண்டும். அம்மாவுக்கு இரண்டாவது மனைவி மேல் சந்தேகம். அவள் முழியே சரியில்லையாம். எனக்கு டாக்டர். எஸ்தர் அக்காவுக்கு டிரைவர். அக்கா அப்போதே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஷூவில் இருந்த செம்மண், ஜீப் சாவி, காலை ஆறு மணிக்குக் குரைக்காத நாய் என்று ஒன்று, இரண்டு, மூன்று போட்டு நிரூபிப்பாள். அவளோடு வாதாடி ஜெயித்தவர் கிடையாது.

அப்பா எப்போதும் கடைசியாகத்தான் சொல்வார். அவருடைய பதில் என்னவென்று நான் என் மனைவி ஷீலாவிடம் சொன்னதில்லை, மகளிடமும் சொன்னதில்லை. அப்பா போன பிறகு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கேயும் கொஞ்சம் பிந்தித்தான் சொல்வேன்.

3

அமீர்பேட்டில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டுத் திரும்பிவிடுவதாக வந்தவன், பதின்மூன்று வருடமாகக் குகட்பள்ளியில் ஹவுசிங் போர்டு காலனியில் குடியிருக்கிறேன். ஷீலா செகந்திராபாத்துக்காரி. அவள் தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். அவள் தமிழில் வேண்டாம் என்பதற்கு "நக்கோ"வும், ஆமாம் என்பதற்கு "ஹவ்"வும், ஏன் என்பதற்கு "கைக்கு"வும் உப்பு புளி போல விழுந்துகொண்டே இருக்கும். மகள் ஜெனிக்குப் போன வருடம் பத்து வயது. தமிழில் கேட்டால் எல்லாம் புரியும். பதில் தெலுங்கில் வரும், அல்லது ஆங்கிலத்தில் வரும். என்னைத் திட்டுவதென்றால் இந்தியில் வரும்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவையும் அப்பாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். ஐதராபாத் வா என்று கூப்பிடும்போதெல்லாம் அப்பாவை யார் பார்ப்பார்கள் என்பாள். அப்பா போய் நாலு வருடம் கழித்து, போன டிசம்பரில்தான் முதல் தடவையாக வந்தாள். ரயிலை விட்டு இறங்கும்போது பிஸ்கட் டின் நிறைய முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் இருந்தன. வண்டியில் ஏறிய பத்தாவது நிமிடம், இந்தப் பக்கம் போனால் சுற்று என்று டிரைவரைத் திருத்தினாள். அவள் அந்த ஊரைப் பார்த்ததே அன்றுதான்.

ஜெனி ஒரு வாரமாக ஒரு வாக்கியம் பழகி வைத்திருந்தாள். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்ததை நானே பார்த்தேன். அக்கா வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் அவள் போய் நேரே நின்று கேட்டாள்:

"அத்தைகாரு, டீ தாகுறீங்களா?"

தெலுங்கில் 'தாகு' என்றால் குடி. அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிள்ளையை இழுத்து முத்தம் கொடுத்தாள். அதோடு விட்டிருக்கலாம். பாளையங்கோட்டைக்குப் போன் போட்டுப் பக்கத்து வீட்டம்மாவிடம் அதைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு தலைமையாசிரியையிடம் சொன்னாள். மூன்றாவது போனில், "எந்தம்பி மவ பேசுற தமிழைக் கேளுங்களேன், வயித்த வலிக்கி" என்று அவள் சொல்லும்போது ஜெனி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு "யெஸ் ஆன்ட்டி", "நோ ஆன்ட்டி" மட்டும்தான். சாப்பாட்டு நேரத்தில் படம் வரைகிற நோட்டைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போய்விடுவாள். அக்கா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏல எட்வினு, நான் என்ன வேத்தாளா? ஆன்ட்டியாம்லா" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் குரல் சரியாக இல்லை.

எனக்கு இருப்பது ஒரே அக்கா. ஜெனிக்கு ஒரே அத்தை. இருபத்தெட்டாம் தேதி அக்காவுக்கு ரயில். இப்படியே ஏறிப் போனால் அவள் இன்னொரு தடவை வரமாட்டாள், அவள் குணம் எனக்குத் தெரியும். ஜெனியும் அதன் பிறகு தமிழில் வாய் திறக்கமாட்டாள். அவள் குணமும் தெரியும். இரண்டும் ஒரே குணம்தான்.

நான் ஜெனியைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் அறிவுரை சொல்லப் பார்த்தேன். ஷீலா தடுத்தாள். "கைக்கு டென்ஷன் ஆறீங்க? நடுவுல பூந்து கெடுக்க நக்கோ. ரெண்டும் தன்னால பேசும்" என்றாள். தன்னால பேசும் என்பதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

4

அமீர்பேட்டில் பயிற்சி நிலையங்களுக்கு நடுவே ஒரு சந்தில் பழைய சிடி, டிவிடி விற்கிற கடை இருக்கிறது. இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் கேக் வாங்கப் போனவன் சும்மா உள்ளே நுழைந்தேன். கடைசி நாள் வேலையில் நான் அப்பாவின் பிள்ளை. பெட்டியில் கிடந்ததைப் புரட்டிக்கொண்டே வந்தபோது ஓர் அட்டையில் மழைக்கோட்டு தெரிந்தது. எடுத்துப் பார்த்தேன். அதே இன்ஸ்பெக்டர், அதே பங்களா, இரண்டாவது மனைவியின் அதே முழி.

இன்டர்நெட்டில் எவ்வளவோ தேடியிருக்கிறேன், அப்படி ஒரு படம் வந்ததற்கே அடையாளம் கிடைக்கவில்லை.

"லாங்குவேஜ் ஆப்ஷன் உந்தா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"அன்னி உன்னாயி சார்" என்றார். எல்லாம் இருக்கிறது என்று அர்த்தம். அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. பதின்மூன்று வருடத்தில் நான் படிக்கக் கற்றுக்கொண்ட தெலுங்கு எழுத்து, பஸ்ஸில் போட்டிருக்கிற ஊர்ப் பெயர்களோடு நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் அட்டையைக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"முழுசாவா இருக்கு?" என்றாள். ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"முழுசா இருக்கு."

"கல்யாணம் இல்லியே?"

"இல்லக்கா."

அவள் அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சந்தோஷமா வருத்தமா என்று எனக்கு விளங்கவில்லை.

5

மறுநாள் மூன்று மணி. ஆராதனை, பிரியாணி, பாய் எல்லாம் முறைப்படி. ஜெனி வழக்கம்போல மேசையில் முதுகைக் காட்டிக்கொண்டு வரைந்துகொண்டிருந்தாள். நான் டிவிடி தட்டைப் போட்டேன். முதலாளி தெலுங்கில் செத்தார்.

தமிழுக்கு மாற்ற ரிமோட்டில் இருந்த அத்தனை பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். திரை அகலமானது, குறுகியது, ஒருமுறை பச்சையானது. மொழி மாறவில்லை. தமிழ்ப் படத்தைத் தெலுங்கில் டப் செய்து விற்ற தட்டு அது. பதின்மூன்று வருடம் ஒரு ஊர் சோற்றைத் தின்றுவிட்டு அட்டையைப் படிக்கத் தெரியாதவனுக்கு வேறென்ன கிடைக்கும்?

"சரி போட்டும், நீ சொல்லு. ஒனக்குத்தான் தெலுங்கு தெரியும்லா" என்றாள் அக்கா. ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள்.

என் தெலுங்கு ஆட்டோவுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் ஆனது. திரையில் அவர்கள் பொரிந்து தள்ளினார்கள். அக்காவோ லேசில் விடுகிற ஆள் இல்லை. படம் பார்த்துப் பல வருடமாகிவிட்டதால் கதை நினைவிருந்தாலும் சாட்சிகளின் வாக்குமூலம் அவளுக்கு மறந்திருந்தது. ஒவ்வொருவரும் என்ன சொல்கிறார்கள் என்று வார்த்தைக்கு வார்த்தை வேண்டும் என்றாள். நான் புரிந்ததைச் சொன்னேன், புரியாததை ஊகித்தேன். ஊகித்த இடங்களில் என் கட்சிக்கு ஆதரவாக அங்கங்கே ஒரு வார்த்தை சேர்த்தும் கொண்டேன். என் கட்சி டாக்டர் என்பதை மறந்திருக்க மாட்டீர்கள்.

டாக்டர் ஏதோ சொன்னார். "அன்னைக்கு எனக்கும் முதலாளிக்கும் பெரிய சண்டைங்கிறார்" என்றேன்.

மேசைப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "ஹி டிடின்ட் சே தட்."

அக்கா திரும்பிப் பார்த்தாள். ஜெனி திரும்பவில்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தேன். அடுத்தது டிரைவர். "அய்யா எனக்கு அப்பா மாதிரி, அவருக்காக உயிரையே கொடுப்பேங்கிறான்" என்றேன்.

பென்சில் மேசையில் விழுகிற சத்தம் கேட்டது.

"அப்பா! அவன் அலா சொல்லவே இல்ல! மூணு மாசம் சம்பளம் இவ்வலேதுன்னு... குடுக்கலன்னு சொல்றான். கோபமா சொல்றான். நீ ஏன் பொய்யா சொல்ற?"

அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து வெகுகாலம் ஆயிற்று.

"ஏல எட்வினு! ஆண்டவர் பொறந்த அன்னைக்கே பொய்ச்சாட்சியால?" என்று என் முதுகில் ஓர் அறை வைத்தாள். பிறகு பாயில் நகர்ந்து இடம் விட்டாள். "நீ வா தாயி. நீ வந்து சொல்லு. இவன் சின்னப் பிள்ளையிலயே இப்படித்தான், கத கட்டுவான்."

அழைத்ததற்காக ஜெனி வரவில்லை என்று நினைக்கிறேன். தப்பான பதில் காதில் விழுந்தால் அவளால் சும்மா இருக்க முடியாது. வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பத்து நிமிடத்தில் அக்கா தோளில் சாய்ந்திருந்தாள். தமிழில் தொடங்கித் தெலுங்கில் இடறி ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து, விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். அக்கா ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தைகூடத் திருத்தவில்லை. டிரைவர்களையும் சமையல்காரர்களையும் பாதிரியார்களையும் திருத்திய எஸ்தர் டீச்சர் வாயை மூடிக்கொண்டு கேட்டாள். நான் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

இன்ஸ்பெக்டர் எல்லோரையும் ஹாலுக்கு அழைத்தார். விரலைத் தூக்கினார்.

"நிறுத்துல!" என்று அக்கா கத்தினாள்.

நான் பதறி நிறுத்தினேன். விரல் அந்தரத்தில் நின்றது.

"நம்ம படம் இவ்வளவுதான். இனி ஆளுக்கொரு முடிவு" என்றாள் அக்கா.

நான் எழுந்து நின்று டாக்டர் என்றேன். அக்கா புதிதாகக் கிடைத்த சம்பள பாக்கியையும் சேர்த்து நாலு காரணத்தோடு டிரைவரை நிரூபித்தாள். "ஹவ், தோட்டக்காரன்தான். எப்பவும் சும்மா நிக்கிறவன்தான் பண்ணுவான்" என்றாள் ஷீலா. அம்மாவுக்காக இரண்டாவது மனைவியின் பெயரை அக்காவே சொன்னாள். அப்பாவின் பதிலை யாரும் சொல்லவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள், நான் விரலைப் பார்த்தேன்.

ஜெனி எழுந்து நின்றாள். இந்தத் தட்டில் இல்லாத அந்தக் கல்யாணத்தை அவள் அறிவாள். சின்ன வயதில் அதையெல்லாம் கதையாகச் சொல்லித்தான் அவளுக்குச் சோறு ஊட்டியிருக்கிறேன்.

"எனக்கு யார் மேல டவுட்னா, அந்த லட்டு மாமா மேல. மூணு லட்டு திருடித் தின்னவர். ஏன்னா படத்துல எல்லாரும் பயமா இருக்காங்க, அவர் மட்டும்தான் ஹாப்பியா இருக்கார்."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் அப்பா கடைசியாக எழுந்து நின்று, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "மூணு லட்டு தின்னாம்லா, அவன்தான். ஊரே அழுதுட்டு நிக்கி, அவன் மூஞ்சியப் பாரு, என்ன சந்தோசம்" என்பார். ஒரு வருடம்கூட மாற்றிச் சொன்னதில்லை.

"யார்டி சொன்னா ஒனக்கு?" என்றாள் அக்கா.

"யாரும் சொல்லல. நானே கண்டுபிடிச்சேன்" என்றாள் ஜெனி, சற்றுக் கோபமாக.

மிச்சப் படத்தைப் போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள் அக்கா. முடிவு தெரிந்துவிட்டால் அடுத்த வருடம் எதைச் சொல்வது என்று கேட்டாள். தட்டை உறையில் போட்டு டிவி மேல் வைத்தேன்.

6

இருபத்தாறாம் தேதி விடுப்பு எடுக்க நினைத்திருந்தேன். எங்கள் கம்பெனியில் விடுப்பு வேண்டுமானால் அமெரிக்காவில் இருக்கிற வாடிக்கையாளர் சம்மதிக்க வேண்டும். அவருக்கு மெயில் அனுப்பினால், கிறிஸ்துமஸுக்காக ஜனவரி வரை விடுமுறையில் இருக்கிறேன் என்று தானாகவே பதில் வந்தது. அவர் கிறிஸ்துமஸ் கொண்டாடப் போய்விட்டதால் எனக்குக் கிறிஸ்துமஸ் விடுப்புக்குச் சம்மதம் தர ஆளில்லை. மனிதவளப் பிரிவுக்குப் போய் நின்றேன். கம்ப்யூட்டரில் காரணத்துக்கென்று ஒரு பட்டியல் இருந்தது. உடல்நலக்குறைவு இருந்தது, திருமணம் இருந்தது, மரணம் இருந்தது. அக்கா வந்திருக்கிறாள் என்று ஒன்று இல்லை. ஆகவே நானும் வேலைக்குப் போனேன், ஷீலாவும் அவள் வங்கிக்குப் போனாள். பள்ளி விடுமுறை என்பதால் வீட்டில் அத்தையும் மருமகளும் மட்டும்.

சாயங்காலம் கம்பெனி வண்டி என்னை இறக்கிவிட்டபோது வீடு சந்தேகப்படும்படியாக அமைதியாக இருந்தது. இருவரும் சோபாவில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன பண்ணீங்க நாள் பூரா?" என்றேன்.

"சும்மா இருந்தோம்" என்றாள் ஜெனி. தமிழில் சொன்னாள்.

"சும்மாதான் இருந்தோம்" என்றாள் அக்கா.

டிவி மேல் உறை தலைகீழாக இருந்தது. திறந்தேன். தட்டைக் காணோம்.

"அது என் பெட்டிக்குள்ள கெடக்கு. ஊருக்குக் கொண்டுட்டுப் போறேன்" என்றாள் அக்கா.

"பாத்துட்டீங்களா?"

இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு வெடித்துச் சிரித்தன. பத்து வயதும் ஐம்பத்தேழு வயதும் சோபாவில் உருண்டு உருண்டு சிரித்ததை நான் அலுவலகப் பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ராத்திரி பூரா உறக்கமே வரலல" என்றாள் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டு. "அந்த வெரலு கண்ணுக்குள்ளயே நிக்கி. காலையில நீங்க போனதும் போட்டுப் பாத்துட்டோம். பிள்ளை வரிக்கு வரி சொன்னா."

"யாரு?"

"சொல்ல மாட்டோம்."

"டிரைவரா?"

"சொல்ல மாட்டோம்ங்கேன்."

ஷீலாவை விட்டுக் கேட்கச் சொன்னேன். கெஞ்சினேன். பிறகு முகத்தைப் படிக்கப் பார்த்தேன். டிரைவர் என்றால் அக்காவின் நடையிலேயே தெரியும், பத்து நாளைக்குத் தரையில் கால் பாவாது. டிரைவர் இல்லையென்றால் படமே சரியில்லை என்பாள். இரண்டும் நடக்கவில்லை. அவள் வெறுமனே சந்தோஷமாக இருந்தாள். வேலையில் இத்தனை வருடம் தப்புக் கண்டுபிடித்தவனுக்கு இதைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் ஜெனி ஒன்று மட்டும் சொன்னாள். படம் போடுவதற்கு முன்னால் அத்தை அவளிடம், அன்றைக்குத் தான் போனில் சிரித்தது தப்பு என்று சொன்னாளாம். என் வாழ்நாளில் அக்கா தன் தப்பு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. நீ சரியாத்தான் கேட்டியாடா என்றேன்.

"சரியாத்தான் கேட்டேன். உன்னை மாதிரி நான் ராங்கா டிரான்ஸ்லேட் பண்ண மாட்டேன்" என்றாள்.

7

இந்த வருடமும் டிசம்பர் பிறந்தது. ஸ்வாதியின் மெயிலும் வந்தது. ஐந்து கிறிஸ்துமஸ் படங்கள், ப்ளீஸ், இந்தத் தடவை சீரியஸாக. எனக்கு வேலை இருந்ததால் ஜெனியை எழுதித் தரச் சொன்னேன். யோசிக்காமல் எழுதினாள். கொலைப் படம் ஒன்று, கடைசி இருபது நிமிடம் இல்லாமல். அப்புறம் லட்டு, ஆளுக்கு மூன்று. அவ்வளவுதான் பட்டியல். அதை அப்படியே அனுப்பிவிட்டேன். ஸ்வாதி இன்னும் பதில் போடவில்லை.

ஊரில் இருக்கிற உங்களுக்கும் நான் சொல்வது இதுதான். பண்டிகைக்கு ஏற்ற படம் என்று தேடி அலையாதீர்கள். மிச்சம் கிடந்த எதையாவது எடுத்து வாருங்கள். கூடப் பார்க்கிறவர்கள் சண்டை பிடிக்கும்படி அதில் ஏதாவது இருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் பாளையங்கோட்டையிலிருந்து போன் வரும். முதலில் என்னிடம் மழை பெய்ததா, உடம்பு எப்படி என்று இரண்டு வார்த்தை. "பிள்ளைகிட்ட குடு" என்பாள் உடனே. பிறகு அரைமணி நேரம் எனக்கு அந்தப் போன் கிடையாது. அக்காவுக்கு இந்தக் கிறிஸ்துமஸுக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது, மே மாதத்துக்கும் இப்போதே பேச்சு நடக்கிறது. தட்டை அவள் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாளாம். அமீர்பேட் கடையில் இன்னொன்று கிடைக்குமா என்று ஒருநாள் போய்ப் பார்த்தேன், அந்த இடத்தில் இப்போது ஜூஸ் கடை.

போன ஞாயிறு ஜெனி பேசிக்கொண்டிருந்தபோது நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போனேன்.

"அத்தைகாரு, கொஞ்சம் இருங்க. அப்பா பக்கத்துலயே நின்னு கேக்கறாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் டம்ளரோடு வெளியே நின்றேன். கதவைத் தட்டியிருக்கலாம், தட்டவில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் என் மகள் தமிழில் ரகசியம் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு அது போதும்.

ஆனாலும் அந்த டாக்டர்தான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.